உருமால் கட்டிய நட்புத் தூண்

இங்கே வெறும் தேநீருக்குச் சீனியைக் கோப்பையில் போட மாட்டார்கள். ஒரு கரண்டிச் சீனியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, நாக்கு நுனியால் கொஞ்சம் தொட்டு, அதன் மேல் ஒரு மிடறு சாயத்தண்ணி. கல்யாணமாகி அக்கரப்பத்தனைக்கு வந்த முதல் காலையில் மாமியார் என் கையில் சீனியைக் கொட்டியபோது, சாமி பிரசாதம் என்று நினைத்து மொத்தத்தையும் வாயில் போட்டுக்கொண்டேன். பிறகு கசக்கக் கசக்க வெறும் சாயத்தைக் குடித்து முடித்தேன். மாமியார் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது என் மகளே வளர்ந்துவிட்டாள், எனக்கு இன்னும் அந்தப் பக்குவம் வரவில்லை. ஒன்று சீனி முதலில் தீர்ந்துவிடுகிறது, இல்லாவிட்டால் சாயம் முதலில் தீர்ந்துவிடுகிறது.

கூடலூரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே நம்மை எப்படி அழைத்தார்கள் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் நாம் "சிலோன்காரங்க". நான் பிறந்ததே கூடலூரில்தான், சிலோனைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் சிலோன்காரி. அந்தச் சிலோனுக்கே வந்து சேர்ந்தால் பெயர் ஒழுங்காகிவிடும் என்று நினைத்தேன். இங்கே நான் "இந்தியாக்கா". நான் வேலை செய்யும் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகள்கூட அப்படித்தான் கூப்பிடுகின்றன. பேச்சு ஒரே பேச்சு, கும்பிடும் மாரியம்மன் ஒரே மாரியம்மன், மலைச்சரிவில் நிற்கும் தேயிலையும் அதே தேயிலை. இருந்தும் ரயில் வண்டியில் அடுத்தவர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டதைப் போல ஒரு கூச்சம் என்னை விட்டுப் போகவே இல்லை. வருஷா வருஷம் கொழும்புக்குப் போய் விசாவைப் புதுப்பித்துக்கொண்டு வருகிறேன்.

என் அம்மா இந்த அக்கரப்பத்தனையில் பிறந்தவள். இரண்டு நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து பேசி, தோட்டத்து ஆட்களில் இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று பிரித்துக்கொண்டார்கள் அல்லவா, அதில் அம்மா அங்கே, அவளுடைய அண்ணன் இங்கே. கல்யாணமான புதிதில், அப்பாவோடும் ஒரு தகரப்பெட்டியோடும் தலைமன்னாரில் கப்பலேறினாள். அந்த ஏற்பாட்டை எல்லாரும் இரு நாட்டு நட்பு என்று சொன்னார்களாம். கோபம் வரும்போதெல்லாம் அம்மா சொல்வாள்: "சண்டை போட்டிருந்தாக்கூட நாங்க சேந்தே இருந்துருப்போம். அவங்க சிநேகமாயிட்டாங்கல்ல, அதான் பிரிஞ்சோம்." விட்டுப்போன உறவை ஒட்டவைக்கத்தான் என்னை அந்த அண்ணன் மகனுக்கே கட்டிக்கொடுத்தாள். அம்மா இப்போது இல்லை. மாமாவும் இல்லை. என் கணவர் கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் நிற்கிறார், மாதத்தில் ஒரு தடவை வந்தால் பெரிது. பிறந்த வீடு என்று எனக்கு மிஞ்சியிருப்பவன் கூடலூரில் இருக்கும் தம்பி குமார் மட்டும்தான்.

இனி தூணுக்கு வருகிறேன். லயத்தை விட்டு எங்களுக்குத் தனி வீடுகள் கட்டிக்கொடுத்தபோது, இந்தியா உதவியது என்பதற்காக, வீடுகளுக்கு ஏறும் பாதை திரும்புகிற முடக்கில் ஒரு நினைவுத் தூண் வைத்தார்கள். ஆள் உயரம். உச்சியில் நீலமடித்த சிமெண்ட் உருண்டை, அது உலகமாம். அதற்குக் கீழே, மனிதனாக இருந்தால் நெஞ்சு இருக்கும் இடத்தில், குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. அடியில் நட்பு, சுதந்திரம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. அதை வாசித்த அன்று எனக்கு அம்மாவின் பேச்சுத்தான் நினைவுக்கு வந்தது. இரண்டு கைகள் அவ்வளவு இறுக்கமாகக் குலுக்கிக்கொண்டால் நடுவில் அகப்பட்டவர்கள் என்ன ஆவார்கள்?

தூணைச் செய்தவர் சுனில் பாஸ் என்ற சிங்களக் கொத்தனார். அவர் பூச்சுவேலை செய்துகொண்டிருந்தபோது, என் அரைகுறைச் சிங்களத்தில், "இந்தியாவே அத கோகத?" என்று கேட்டேன். இதில் இந்தியாவின் கை எது என்பது என் கேள்வி. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தன் வலது கையை எனக்கு நேரே நீட்டி, "தெகம மகே அத" என்றார். இரண்டுமே என் கை. என் சிங்களம் அவருக்குப் புரியவில்லை, வேலை யாருடையது என்று கேட்டதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது என்று சிரித்துவிட்டு வந்தேன். பிறகு ஒருநாள் உற்றுப் பார்த்தபோது, இரண்டு கைகளிலும் கட்டைவிரல் நகம் ஒரே மாதிரி பிளந்திருந்தது. சுனில் பாஸின் கட்டைவிரலும் அப்படித்தான். மனுஷன் தன் ஒரு கையையே இரண்டு தடவை பார்த்துச் செய்திருக்கிறார்.

அந்த முடக்கில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். பிள்ளைக் காம்பராவைப் பூட்டிவிட்டு, பனி இறங்குவதற்குள் அங்கே போய், தூணின் மேடையில் உட்கார்ந்து தம்பியோடு பேசுவேன். ஊரில் இருந்தபோது நாங்கள் இருவரும் இவ்வளவு பேசியதில்லை. என்ன குழம்பு, யார் வீட்டில் யானை வந்தது, தேயிலைக்கு என்ன விலை. அவனுடைய பேச்சுக்குப் பின்னால் கூடலூர் பஸ் ஹாரன் கேட்கும். போனை வைத்த பிறகு இந்த மலையில் இருக்கும் அமைதி இருக்கிறதே, அதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தனியாக இருக்கிறேன் என்று வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், மாமியாரும் மகளும் பக்கத்தில் இருக்கும்போது என்னடி தனிமை என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். என்னைச் சின்ன வயதில் பார்த்த ஒருவர்கூட இந்த மலையில் இல்லை, அவ்வளவுதான் சங்கதி.

மகள் தர்ஷினி பெரியவளானாள். சடங்கு என்றால் நமக்குத் தெரியும், தாய்மாமன் இல்லாமல் ஒன்றும் நடக்காது. பச்சைக் கிளையில் குடிசை கட்டுவது அவன், சீர்த்தட்டோடு வருவது அவன், அவன் கொண்டுவரும் சேலையை உடுத்திய பிறகுதான் பெண் சபைக்கு வருவாள். பெண்ணைப் பெற்றவளுக்கு ஆள் இருக்கிறது என்று ஊருக்குக் காட்டுவதே அந்தச் சீர்தான். அன்றைக்கே முடக்குக்கு ஓடிப்போய்த் தம்பிக்குச் சொன்னேன். "அக்கா, நீ தேதிய வையி. பாஸ்போர்ட்டுக்குப் போட்டுடுறேன். நான் வந்து நிப்பேன்" என்றான். அவன் குரல் தழுதழுத்தது. தேதியைத் தள்ளியே வைத்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் எனக்கு ஒரே கேள்விதான்: பாஸ்போர்ட் வந்துவிட்டதா?

அவன் குரல் ஏன் தழுதழுத்தது என்று எனக்குத் தெரியும். நான் பெரியவளானபோது அவன் அரைக்கால்சட்டைப் பையன். என் தாய்மாமன் அப்போது கடலுக்கு இந்தப் பக்கம், நாட்டில் சண்டை, கப்பலும் கிடையாது. கூடலூரில் நாங்கள் இருந்த காலனியில் வேறு ஒருவரை மாமனாக நிற்கவைக்கலாம் என்றார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கப்பலில் கொண்டுவந்த தகரப்பெட்டியை, அது அண்ணன் வாங்கிக்கொடுத்த பெட்டி, பரணிலிருந்து இறக்கித் துடைத்து, மணையில் வைத்து, அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். அதன் மேல் சேலையை வைத்து எடுத்து எனக்குக் கொடுத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் வெட்கத்தில் அழுதேன். பல வருஷம் கழித்து, என் கல்யாணத்துக்கு மாமா கூடலூருக்கு வந்தபோது அம்மா அந்தப் பெட்டியை அவருக்குக் காட்டினாள். பெட்டியின் விளிம்பில் அந்த மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா அதை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, எழுந்து வெளியே போனார்.

பாஸ்போர்ட் வரவில்லை. விசாரணைக்கு வந்தவர், அப்பா எங்கே பிறந்தார், அம்மா எங்கே பிறந்தாள் என்று கேட்டு, சிலோன் என்று சொன்னதும் மறுபடியும் மறுபடியும் வேறு தாள்களைக் கேட்டாராம். சடங்குக்கு முந்தைய நாள் தம்பி, "அக்கா, வரலக்கா" என்றான். பிறகு அவனே, "சேலைய நீயே எடுத்துரு. மாம்பழக் கலர்ல எடு. நான் எடுத்தேன்னு சொல்லு" என்றான்.

டவுனுக்கு பஸ் ஏறிப் போய், எப்போதும் துணி எடுக்கும், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் கடையில் மாம்பழ நிறத்தில் சேலை கேட்டேன். அவர் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டுக்கொண்டே, "தங்கச்சி, மாமன் வந்து சேந்துட்டாரா?" என்று அக்கறையாகக் கேட்டார். "வந்துட்டாங்க நானா, வீட்டுல இருக்காங்க" என்று பொய் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று அவர் சந்தோஷப்பட்டு, ஒரு ரவிக்கைத் துண்டையும் மடித்து உள்ளே வைத்தார். தம்பி கொண்டுவர வேண்டிய சேலையை நானே மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அழுகை அழுகையாக வந்தது. பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா, வளைவுகளில் எனக்குத் தலைசுற்றுகிறது என்று நினைத்து, பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார். முகர்ந்துகொண்டே வந்தேன்.

மறுநாள் காலை, வீடு நிறையச் சனம். கணவர் முந்தைய ராத்திரியே வந்திருந்தார். தைலமரக் கிளையில் குடிசையை அவரே கட்டினார், அப்பன் கட்டக்கூடாது என்று தெரிந்தும். மாமியார் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எங்கோ பார்த்தார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. அப்போது பக்கத்து வீட்டு பாக்கியக்கா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கணக்குப்பிள்ளையையே அதட்டுகிறவள். "என்னா எல்லாரும் எழவு வூடு மாதிரி ஒக்காந்துருக்கீங்க? சீர் எங்கருந்து வரணும்?" என்றாள்.

"மாமன் ஊர்லருந்து" என்றார் மாமியார்.

"மாமன் ஊரு எது? இந்தியா. இந்தியா அந்தா முடக்குல நிக்குதுல்ல! இந்தப் புள்ள அந்தத் தூண்கிட்ட ஒக்காந்துதான தெனமும் தம்பியோட பேசுது? அதுல பாதி இந்தியா. பாதி மாமன் போதாதா நமக்கு? எடுங்க தாம்பாளத்த."

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. இந்த மலையில் அது ஒன்றும் புதிதில்லை. தொழிற்சாலைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு ரோதை முனி என்று கும்பிடுகிறவர்கள், தேயிலையைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குவதற்கு முன்னால் மலையிலேயே ஒரு கல்லுக்குச் சேவல் அறுக்கிறவர்கள். ஒரு தூணை மாமனாக்க எவ்வளவு நேரமாகும்? தப்பு அடிக்கிறவர்களை முன்னால் விட்டு, பெண்கள் தட்டுகளோடு இறங்கினார்கள். நான் சேலைத் தட்டோடு பின்னால் போனேன். முதலில் மஞ்சள் தண்ணீரால் தூணைக் கழுவினார்கள். கைகள் இரண்டிலும் மஞ்சளைக் குழைத்துப் பூசினாள் பாக்கியக்கா. சந்தனம், பொட்டு, மாலை. கடைசியில் மாமனுக்குத் தலைப்பாகையாக உருமால் கட்ட வேண்டும். என் கணவர் மேடை மேல் ஏறி, அந்த நீல உலக உருண்டைக்கு வெள்ளைத் துண்டில் உருமால் கட்டிவிட்டார். "மச்சான், கொஞ்சம் குனிஞ்சு குடுங்க" என்று அவர் தூணிடம் சொன்னதும் கூட்டம் மொத்தமும் குலுங்கிச் சிரித்தது, நானும்தான். தூணின் கைகளுக்கு மேல் தாம்பாளத்தை வைத்தபோது அது கச்சிதமாக நின்றது. அதிலிருந்து சேலையை நான் எடுக்கக்கூடாதாம். பாக்கியக்கா எடுத்து என் கையில் கொடுத்து, "இந்தா, ஒந்தம்பி குடுக்குறான். வாங்கிக்க" என்றாள். அந்த வார்த்தையில் எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. வாங்கிக்கொண்டு, தூணின் காலடியில் குனிந்து அழுதேன். என் மாமன் ஒரு தகரப்பெட்டி, என் மகளின் மாமன் ஒரு தூண். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

மாம்பழ நிறச் சேலையில் தர்ஷினி நன்றாக இருந்தாள். சபையில் ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. "இந்தியாக்கா வீட்டுச் சீரு" என்று பேசிக்கொண்டே சாப்பிட்டுப் போனார்கள்.

எல்லாரும் போன பிறகு, மத்தியானம் தாண்டி, தட்டுகளை எடுத்துவர முடக்குக்குப் போனேன். வேலை முடிந்து சுனில் பாஸ் அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். மாலையும் உருமாலுமாக நின்ற தன் தூணைப் பார்த்துத் திகைத்து, "மே மொகத?" என்றார், என்ன இது என்று. முறையையெல்லாம் சிங்களத்தில் விளக்க என்னால் ஆகாது. "மகே மல்லி" என்றேன். என் தம்பி. அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது. தொப்பியைக் கழற்றினார். "அனே பவ்", ஐயோ பாவம், என்று மெல்லச் சொல்லி, கைகட்டித் தலைகுனிந்து நின்றார். மாலை போட்ட தூண், அழுது வீங்கிய என் கண்கள். தம்பி செத்துப்போய்விட்டான் என்று நினைத்துவிட்டார். "நே, நே! இந்தியாவே இன்னவா!" என்று பதறினேன். அவன் இந்தியாவில் இருக்கிறான் என்றுதான் சொன்னேன். இந்தியாவில் செத்தான் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, அவர் இன்னும் துயரமாகத் தலையாட்டிவிட்டு, வேலியோரத்தில் பூத்திருந்த ஒரு பூவைப் பறித்துத் தூணின் அடியில் வைத்துவிட்டு நடந்தார். அந்தப் பூவை எடுத்து எறியவும் எனக்கு மனசில்லை, அங்கே விட்டுவைக்கவும் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல மனுஷன்தான், ஆனால் வேர்த்துப்போயிருந்தார். "என்னக்கா இது, நாளைக்குப் பெரிய எடத்து ஆளுங்க பார்க்க வாறாங்க. ரெண்டு நாட்டுக்காரங்களும் வந்து படம் எடுப்பாங்க. இத இப்படிப் பார்த்தா கோயில் கட்டிட்டாங்கன்னு சொல்லப்போறாங்க. தயவுசெஞ்சு கழுவி விட்ருங்க" என்றார். பாக்கியக்கா இருந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள். நான் சரி என்றேன். என் பாஸ்போர்ட்டை நினைத்தேன், விசாவை நினைத்தேன். சரி என்று சொல்வதுதான் எனக்குப் பழக்கம்.

வாளியும், தேய்க்கத் தேங்காய் நார்ப் பொச்சும் கொண்டுவந்தேன். உருமாலை அவிழ்த்து மடித்து வைத்தேன். மாலையை எடுத்துத் தேயிலைச் செடிக்குள் போட்டேன். தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தம்பி வீடியோவில் வந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான், தலையைப் படிய வாரியிருந்தான். அங்கே தனியாகத் தன் வீட்டில் சடங்குக்கு வந்தவனைப் போல உட்கார்ந்திருக்கிறான்.

"நல்லா நடந்துச்சாக்கா?"

"நல்லா நடந்துச்சுடா. ஒண்ணும் கொறையில்ல."

"என்னைய எங்க நிக்கவச்சீங்க? காட்டு பாப்போம்."

நான் போனைத் தூணின் பக்கம் திருப்பினேன். ஈரம் சொட்டச் சொட்ட, பாதி மஞ்சளும் பாதி சிமெண்டுமாக அது நின்றது. தம்பி வெகுநேரம் பார்த்தான். கூடலூர் பஸ் ஹாரன் கேட்டது.

"உருமால் கட்டுனீங்களா?"

"கட்டுனோம். ஒம் மச்சான்தான் கட்டுனாரு."

"அதுக்குள்ள அவுத்துட்டீங்களா?" என்றான். "இன்னுங் கொஞ்ச நேரம் நின்னுருப்பேனே."

பனி ஏறி சிக்னல் விட்டுப்போய், அவன் முகம் திரையில் அப்படியே உறைந்து நின்றது. மடித்து வைத்திருந்த உருமாலை எடுத்து மறுபடியும் கட்டலாமா என்று நினைத்தேன். மேலே பாதையில் கிளாக்கரின் மோட்டார் சைக்கிள் இன்னும் நின்றுகொண்டிருந்தது. பொச்சை எடுத்துத் தேய்த்தேன். நீல உலகம் சுத்தமாகிவிட்டது. எழுத்துகள் மூன்று மொழியிலும் சுத்தமாகிவிட்டன. வலப்பக்கத்துக் கை போய்விட்டது, இடப்பக்கத்துக் கையும் பழையபடி சிமெண்டாகிவிட்டது. இரண்டு உள்ளங்கைகளும் ஒட்டுகிற இடத்து இடுக்கில் மட்டும் மஞ்சள் போகவில்லை. அங்கே பொச்சு நுழையவில்லை, விரலும் நுழையவில்லை. இருட்டும்வரை தேய்த்துப் பார்த்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு ஏறினேன்.